பவுல் எருசலேமில் தங்கிய பதினைந்து நாள்: இயேசுவைப் பற்றி வரலாறாக எதைச் சொல்லலாம்?

நெய்தல்நிலவன்

அனைவருக்கும் வணக்கம். இயேசு என்றொருவர் வாழ்ந்தாரா, வாழ்ந்திருந்தால் அவரைப் பற்றி வரலாறாக எவ்வளவு சொல்ல முடியும், கிறித்தவம் என்று இன்று நாம் அறியும் சமயத்தை அவர்தான் நிறுவினாரா என்ற மூன்று கேள்விகளும் எங்கே பேசினாலும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஒரு கேள்விக்கான விடையில் ஐயம் எழுந்தால் மற்ற இரண்டும் அதோடு சரிந்துவிடும் என்று ஒரு தரப்பு எண்ணுகிறது. ஒன்று உறுதியானால் மற்ற இரண்டும் உறுதியாகிவிட்டன என்று மறுதரப்பு எண்ணுகிறது. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. அதைப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஐயம் எவ்வளவு ஆழமானது என்பதற்குப் பிறந்த ஆண்டையே முதலில் பார்ப்போம். மத்தேயுவின்படி இயேசு பிறந்தது ஏரோது அரசன் உயிரோடிருந்தபோது. அவன் இறந்தது கி.மு. 4இல் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. லூக்காவும் தம் நூலை ஏரோதின் காலம் என்றுதான் தொடங்குகிறார். ஆனால் பிறப்பைச் சொல்லுமிடத்தில், "சீரியா நாட்டிலே சிரேனியு என்பவன் தேசாதிபதியாயிருந்தபோது" எடுத்த குடிமதிப்போடு அதை இணைக்கிறார். ஏரோதின் மகன் அர்கெலாயு பதவியிழந்து, யூதேயா ரோமரின் நேரடி ஆட்சிக்குள் வந்தபோது, அதாவது கி.பி. 6இல்தான், அந்தக் குடிமதிப்பு நடந்தது. வரிவிதிப்பதற்காக எடுத்த கணக்கு அது. அதை எதிர்த்துக் கலிலேயனான யூதா என்பவன் கிளர்ச்சி செய்ததையும் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியிருக்கிறார். இரண்டு செய்திகளுக்கும் இடையே ஏறத்தாழ 10 ஆண்டுகள் இடைவெளி. இதைச் சரிசெய்ய எழுதப்பட்ட விளக்கங்கள் பல உண்டு. எதுவும் எனக்கு நிறைவளிக்கவில்லை. நாம் எழுதும் கி.மு., கி.பி. என்ற கணக்கோ, கி.பி. 525இல் தியோனீசியு எக்சிகூசு என்ற துறவி ரோமில் இருந்துகொண்டு கணித்தது. அவர் கணிப்பு சில ஆண்டுகள் பிசகியது என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

இவ்வளவு ஐயம் இருந்தும் இயேசு வாழ்ந்தார் என்பதை நான் உறுதியாக ஏற்கிறேன். அதற்குக் காரணம் நற்செய்தி நூல்கள் அல்ல, அவற்றுக்கும் முந்திய ஒரு கடிதத்தில் போகிறபோக்கில் எழுதப்பட்ட இரண்டு வரிகள். அதற்கு வருமுன் மறுதரப்பு நண்பர்கள் தங்கள் வாதத்தை வைக்கட்டும்.

குன்றின்குரல்

அழைப்புக்கு நன்றி. என் நிலைப்பாட்டை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இயேசு என்ற மனிதர் வாழ்ந்திருக்கலாம், வாழாமலும் இருந்திருக்கலாம்; உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை.

அவர் வாழ்ந்த காலத்தில் எழுதப்பட்ட ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. அலெக்சாந்திரியாவின் பீலோ அதே காலத்தவர், யூதர், நிறைய எழுதியவர். யூதேயாவின் ரோம ஆளுநரான பிலாத்துவின் கொடுமையைக் குறிப்பிட்டுக் குறைகூறுகிறார், ஆனால் இயேசுவைப் பற்றி ஒரு சொல் இல்லை. கலிலேயாவிலேயே பிறந்த திபேரியாவின் யுஸ்து எழுதிய வரலாறு இன்று இல்லை. அதைப் படித்த 9ஆம் நூற்றாண்டுப் போத்தியு என்ற ஆயர், அதில் கிறிஸ்துவைப் பற்றி எதுவுமே இல்லை என்று வருத்தத்தோடு குறித்துவைத்தார். நான்கு நற்செய்திகளிலும் ஆசிரியர் தம் பெயரைச் சொல்வதில்லை. மாற்கு, மத்தேயு என்ற பெயர்கள் பின்னர் வந்து சேர்ந்தவை. காலத்தால் முந்திய மாற்கு நற்செய்தியே எருசலேம் கோயில் அழிந்த கி.பி. 70ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். அதாவது நாற்பது ஆண்டுச் செவிவழிச் செய்தி.

யோசேபஸ் எழுதியதாகக் காட்டப்படும் பத்தியில் "அவரே கிறிஸ்து", "மூன்றாம் நாளில் உயிரோடு தோன்றினார்" என்றெல்லாம் இருக்கிறது. சாகும்வரை யூதராகவே இருந்த ஒருவர் இப்படி எழுதியிருக்க முடியாது. அது இடைச்செருகல் என்பதைக் கிறித்தவ அறிஞர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ரோம வரலாற்றாசிரியர் தாசித்து கி.பி. 116 அளவில் எழுதியதோ, அப்போது ரோமில் இருந்த கிறித்தவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டதன் எதிரொலியாக இருக்கலாம்; பிலாத்துவின் பதவியைக்கூட அவர் தம் காலத்து வழக்கப்படி மாற்றித்தான் எழுதுகிறார். இவற்றைக் கழித்தபின் எஞ்சுவது என்ன?

ஏட்டுவாசகன்

நான் சில ஆண்டுகளாகக் கிரேக்கம் படித்துவருகிறேன். யோசேபஸ் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

குன்றின்குரல் குறிப்பிட்ட பத்தி யோசேபஸின் 'யூதர் தொன்மை' என்ற நூலின் 18ஆம் புத்தகத்தில் இருக்கிறது. நூல் முடிந்தது கி.பி. 93 அல்லது 94இல். அந்தப் பத்தி இப்போதுள்ள வடிவில் யோசேபஸின் கைப்பட வந்ததல்ல என்பதில் எனக்கும் ஐயமில்லை. 3ஆம் நூற்றாண்டில் கிறித்தவ அறிஞர் ஓரிகன், யோசேபஸ் இயேசுவைக் கிறிஸ்துவாக ஏற்கவில்லை என்று வெளிப்படையாக எழுதுகிறார். 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியு அதே யோசேபஸை "அவரே கிறிஸ்து" என்று சொல்பவராக மேற்கோள் காட்டுகிறார். இந்த இருவருக்கும் இடைப்பட்ட காலத்தில் பத்தியில் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று எண்ணவே இது இடம் தருகிறது. முழுப் பத்தியும் செருகலா, அல்லது யோசேபஸ் எழுதிய சில நடுநிலையான வரிகளின்மேல் பூசப்பட்ட பூச்சா என்பதில்தான் கருத்து வேறுபாடு. 10ஆம் நூற்றாண்டில் அகாபியு என்ற ஆயர் அரபு மொழியில் தரும் வடிவத்தில் நம்பிக்கை அறிக்கைபோல் ஒலிக்கும் அந்தச் சொற்கள் மென்மையாகவே இருக்கின்றன. நான் இரண்டாம் கருத்தின் பக்கம் சாய்கிறேன்; ஆனால் அதன்மேல் எதையும் கட்டமாட்டேன்.

கட்டக்கூடிய இடம் 20ஆம் புத்தகத்தில் இருக்கிறது. பெஸ்து என்ற ஆளுநர் இறந்து, அடுத்தவரான அல்பீனு வந்துசேருமுன் இருந்த இடைவெளியில், தலைமைக் குருவான அனனு, "கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரர், யாக்கோபு என்ற பெயருடையவர்" ஒருவரையும் வேறு சிலரையும் கல்லெறிந்து கொல்லச் செய்தார் என்று அங்கே வருகிறது. ஆண்டு கி.பி. 62. அப்போது யோசேபஸ் இருபத்தைந்து வயதை ஒட்டிய எருசலேம் குருகுலத்து இளைஞர். தம் ஊரில் நடந்ததைத்தான் எழுதுகிறார். அந்தப் பகுதியின் நோக்கமே அனனு ஏன் பதவியிழந்தார் என்று சொல்வது. யாக்கோபு அதில் ஒரு காரணமாக மட்டும் வந்துபோகிறார். செருகுபவர் கைவைத்திருந்தால் 'எனப்பட்ட' என்ற சொல்லோடு நிறுத்தியிருக்கமாட்டார். யாக்கோபின் புனிதத்தைப் பற்றி நான்கு வரியாவது சேர்த்திருப்பார்.

சான்றின் அளவைப் பற்றியும் ஒன்று. தெய்தா என்பவன் யோர்தான் ஆற்றைப் பிளந்து காட்டுவதாகச் சொல்லிப் பெருங்கூட்டத்தைத் திரட்டினான், ரோமக் குதிரைப்படை அவன் தலையை வெட்டி எருசலேமுக்குக் கொண்டுபோனது. இதற்கு யோசேபஸும் அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரியும்தான் சான்று. பிலாத்து ரோமப் பேரரசின் ஆளுநர், பத்தாண்டு ஆண்டவர். அவர் பெயர் பொறித்த கல்வெட்டு 1961இல்தான் செசரியாவில், வேறொரு கட்டுமானத்துக்கு மறுபடி பயன்படுத்திய சுண்ணாம்புக் கல்லாகக் கிடைத்தது. கலிலேயாவின் ஊர்க்கைவினைஞர் ஒருவருக்கு அவர் காலத்திலேயே எழுதப்பட்ட ஆவணம் வேண்டும் என்று கேட்பது, அந்தக் காலத்து மக்களில் ஏறத்தாழ எல்லோரையுமே இல்லாதவர்களாக்கிவிடும்.

குன்றின்குரல்

தாங்கள் சொன்ன அதே பகுதியில் நான்கு வரி தள்ளி, அனனுவின் இடத்தில் புதிய தலைமைக் குருவாகத் தம்னேயுவின் மகன் இயேசு என்பவர் அமர்த்தப்படுகிறார். இயேசு அக்காலத்தில் மிகச் சாதாரணமான பெயர். யோசேபஸின் நூல்களில் மட்டும் இருபது பேர் அளவில் அந்தப் பெயரோடு வருகிறார்கள். கொல்லப்பட்ட யாக்கோபு அந்தத் தம்னேயுவின் மகனுடைய சகோதரராக இருந்திருந்தால்? "கிறிஸ்து எனப்பட்ட" என்ற இரண்டு சொற்களை மட்டும் யாரோ ஓரத்தில் குறித்துவைக்க, அடுத்துப் படியெடுத்தவர் அதை உள்ளே சேர்த்திருந்தால்? ஓரக்குறிப்பு மூலத்துக்குள் ஏறிக்கொள்வது சுவடி மரபு எதிலும் நடப்பதுதானே?

ஏட்டுவாசகன்

நடப்பதுதான். ஆனால் யோசேபஸ் ஒருவரை முதன்முறை சொல்லும்போதே அடையாளம் தருபவர். தம்னேயுவின் மகன் என்று பின்னால் சொல்லப்போகிறவரை, முன்னால் வெறுமனே 'இயேசு' என்று சொல்லிவிட்டுப் போவது அவர் வழக்கமல்ல. இரண்டு இயேசுக்கள் அடுத்தடுத்து வருவதாலேயே முதலாமவருக்கு 'கிறிஸ்து எனப்பட்ட' என்ற அடைமொழி தேவைப்பட்டது என்று படிப்பதுதான் நேராக இருக்கிறது. ஓரிகனும் இதே தொடரை யோசேபஸின் பெயரால் மூன்று இடங்களில் எடுத்தாள்கிறார். தங்கள் விளக்கம் நடக்கவே முடியாதது என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கையில் இருக்கும் சுவடி எதுவும் துணைநிற்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

நெய்தல்நிலவன்

இந்த இடத்தில்தான் நான் சொன்ன இரண்டு வரிகள் வருகின்றன. முதல் நூற்றாண்டில் இயேசுவைப் பற்றிப் போதித்து ஊர் ஊராகச் சென்ற பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதம் கி.பி. 50களில் எழுதப்பட்டது, அது பவுல் எழுதியது என்பதைக் கடுமையான ஆய்வாளர்களும் மறுப்பதில்லை. அதன் முதல் அதிகாரத்தில் அவர் தம்மைத் தற்காத்துக்கொள்கிறார். தம்முடைய போதனை எருசலேமில் யாரிடமும் கற்றதல்ல என்று நிறுவுவதே அவர் நோக்கம். ஆகவே எருசலேம் சபைத் தலைவர்களோடு தமக்கு இருந்த தொடர்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துச் சொல்கிறார். மனம்மாறி மூன்று ஆண்டுகள் கழித்து எருசலேம் போனேன், பேதுருவோடு பதினைந்து நாள் தங்கினேன் என்கிறார். அடுத்து வருவது இது: "கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபைத் தவிர, அப்போஸ்தலரில் வேறொருவரையும் நான் காணவில்லை." தொடர்ந்து, நான் எழுதுவது பொய்யல்ல, கடவுள் சாட்சி என்று ஆணையும் இடுகிறார்.

இதை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ஒருவர் தமக்கு வசதியான கதையைக் கட்டும்போது இப்படி எழுதமாட்டார். யாக்கோபைப் பார்த்ததைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவருடைய வாதம் இன்னும் வலுவாக இருந்திருக்கும். எதிர்த்தரப்புக்குத் தெரிந்த செய்தி என்பதால் சொல்லவேண்டிய கட்டாயம் அவருக்கு. பேதுருவைக் கண்டதற்கு அவர் ஆளும் கிரேக்க வினை 'இஸ்தோரேசாய்'. சென்று கண்டு, கேட்டறிந்து வருவதைக் குறிக்கும் சொல் அது. வரலாறு என்பதற்குக் கிரேக்கர் வழங்கிய 'இஸ்தோரியா' இதே வேரிலிருந்து வந்தது. பதினைந்து நாள் ஒரே வீட்டில் தங்கிய இருவர் எதைப் பேசியிருப்பார்கள் என்று நமக்கு எழுதிவைக்கவில்லை. ஆனால் இயேசுவின் சீடரையும் இயேசுவின் சகோதரரையும் நேரில் கண்ட ஒருவரின் கடிதம் நம் கையில் இருக்கிறது. யோசேபஸ் சொல்லும் அதே யாக்கோபு, அதே ஊர், அதே உறவு. ஒருவரையொருவர் படித்து எழுதியவர்கள் அல்லர் இவ்விருவரும்.

குன்றின்குரல்

'கர்த்தருடைய சகோதரன்' என்பது உறவுமுறையாகத்தான் இருக்கவேண்டுமா? பவுல் நம்பிக்கையாளர் எல்லோரையும் சகோதரரே என்றுதான் அழைக்கிறார். அது எருசலேம் குழுவில் ஒரு பட்டமாக இருந்திருக்கலாம்.

நெய்தல்நிலவன்

கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 9ஆம் அதிகாரத்தில், மற்ற அப்போஸ்தலரும் கர்த்தருடைய சகோதரரும் கேபாவும் மனைவியரை அழைத்துச்செல்கிறார்களே, எங்களுக்கு அந்த உரிமை இல்லையா என்று பவுல் கேட்கிறார். கேபா என்பது பேதுருவின் அரமேயப் பெயர். பட்டம் என்றால் அது முதன்மைச் சீடரான பேதுருவுக்கு இல்லாமல் போனது ஏன்? அப்போஸ்தலருக்கும் இல்லை, பேதுருவுக்கும் இல்லை, தனியாக ஒரு சிலருக்கு மட்டும் உண்டு என்றால் அது குடும்ப உறவு என்று கொள்வதே எளிது. மாற்கு 6ஆம் அதிகாரம் அந்தக் குடும்பத்தைப் பெயர் சொல்லி எண்ணுகிறது: யாக்கோபு, யோசே, யூதா, சீமோன், பெயர் சொல்லப்படாத சகோதரிகள்.

குன்றின்குரல்

கொரிந்தியர் வசனம் என் வாதத்தைப் பெரிதும் தளர்த்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த வசனத்தை நான் இதுவரை இந்தக் கண்ணோடு படித்ததில்லை.

வெண்பனிமலர்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுத்துவருபவள் நான். நான் கத்தோலிக்கப் பெண். இந்தச் 'சகோதரர்' என்ற சொல் என் வகுப்பில் ஆண்டுக்கு ஒருமுறையாவது எழும்பும் கேள்வி என்பதால் எழுதத் துணிகிறேன்.

எங்கள் திருச்சபை மரியா என்றும் கன்னி என்று கற்பிக்கிறது. அதனால் யாக்கோபை இயேசுவின் உடன்பிறந்தவர் என்று நாங்கள் கொள்வதில்லை. 4ஆம் நூற்றாண்டில் எல்விதியு என்பவர் அவர்கள் யோசேப்புக்கும் மரியாவுக்கும் பின்னால் பிறந்த பிள்ளைகளே என்று எழுத, எரோணிமுசு 383 அளவில் அதை மறுத்து, அவர்கள் நெருங்கிய உறவுமுறைச் சகோதரர்கள் என்றார். கிழக்கத்தியத் திருச்சபைகளோ, யோசேப்பின் முதல் மனைவிக்குப் பிறந்தவர்கள் என்ற பழைய மரபைக் கைக்கொள்கின்றன. பிள்ளைகளுக்கு எரோணிமுசின் விளக்கம் உடனே புரிந்துவிடும். பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்றும் சித்தி மகளைத் தங்கை என்றும்தானே அழைக்கிறோம். 'கசின்' என்ற சொல் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டதுதான், வீட்டில் கற்றதல்ல. எபிரேயத்திலும் அரமேயத்திலும் அப்படித்தான் என்று சொல்வேன்.

நான் கேட்க விரும்புவது இது: எங்கள் விளக்கம் சரியென்றால் நெய்தல்நிலவன் ஐயாவின் சான்று வலுவிழந்துவிடுமா?

நெய்தல்நிலவன்

அம்மா, சிறிதும் வலுவிழக்காது. உடன்பிறந்தவரோ, பெரியப்பா மகனோ, மாற்றாந்தாய் மகனோ, எதுவானாலும் அந்தக் குடும்பத்துக்கு நடுவில் ஒரு மனிதர் இருந்தாகவேண்டும். தொன்மக் கதையிலிருந்து மட்டும் பிறந்தவருக்கு எருசலேமில் தெருவில் நடந்துபோகும் பங்காளி இருக்கமுடியாது.

ஏட்டுவாசகன்

அம்மாவின் ஒப்புமை அழகானது. ஆனால் மொழி பற்றிய நேர்மைக்காக ஒன்றைச் சேர்க்கவேண்டும். பவுல் எழுதியது கிரேக்கத்தில். கிரேக்கத்தில் உடன்பிறந்தவருக்கு 'அதெல்போஸ்', ஒன்றுவிட்ட சகோதரருக்கு 'அனெப்சியோஸ்' என்று தனிச்சொற்கள் வழக்கில் இருந்தன. பர்னபாவின் உறவினரான மாற்குவைக் கொலோசெயர் கடிதம் இரண்டாவது சொல்லால்தான் குறிக்கிறது. 2ஆம் நூற்றாண்டில் எகேசிப்பு என்ற எழுத்தாளர், யாக்கோபைக் கர்த்தரின் சகோதரர் என்றும், யாக்கோபுக்குப் பின் எருசலேம் சபைக்குத் தலைமையேற்ற கிலோப்பாவின் மகன் சிமியோனைக் கர்த்தரின் அனெப்சியோஸ் என்றும் வேறுபடுத்திச் சொல்கிறார். இதனால் எல்விதியுவின் விளக்கமே எனக்கு வலுவாகத் தோன்றுகிறது. நம்பிக்கை சார்ந்த முடிவை நான் யார்மேலும் திணிக்கவில்லை.

கரிசல்மண்

இழையைத் தொடர்ந்து படிக்கிறேன். இரண்டு கேள்விகள். யாக்கோபின் எலும்புப்பேழை கிடைத்ததாகச் செய்தி வந்ததே, அதைப் பற்றி யாரும் ஏன் சொல்லவில்லை? இயேசு பன்னிரண்டு வயதுக்குப்பின் இந்தியாவுக்கு வந்து கற்றார் என்கிறார்களே, அது உண்மையா?

ஏட்டுவாசகன்

பேழையில் "யோசேப்பின் மகன் யாக்கோபு, இயேசுவின் சகோதரன்" என்று அரமேயத்தில் பொறித்திருக்கிறது. 2002இல் அது அறிவிக்கப்பட்டது. அகழாய்வில் கிடைத்ததல்ல, சேகரிப்பாளர் ஒருவரின் கையிலிருந்து வந்தது. எந்தக் குழியில், எந்த அடுக்கில் இருந்தது என்று தெரியாத பொருளின் சான்று வலிமை அங்கேயே பாதி போய்விடுகிறது. இசுரேல் தொல்பொருள் துறையின் குழு 2003இல் எழுத்துகளின் ஒரு பகுதி பிற்காலத்தது என்றது. நீண்ட வழக்குக்குப்பின் 2012இல் போலி செய்த குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. மெய்ப்பிக்கப்படவில்லை என்பது உண்மையானது என்று பொருளாகாது. அதனால்தான் நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை.

இந்தியாவுக்கு வந்த கதை 1894இல் நிக்கொலாய் நோத்தோவிச் என்ற ருசியர் வெளியிட்டது. லடாக்கில் ஏமிசு மடத்தில் ஒரு சுவடியைக் கண்டதாகச் சொன்னார். அடுத்த ஆண்டே ஆக்ராவில் பணியாற்றிய ஆர்ச்சிபால்டு தக்ளசு என்ற பேராசிரியர் அந்த மடத்துக்கே போய்த் தலைமைத் துறவியிடம் கேட்டார். அப்படியொரு சுவடியே இல்லை என்று அவர் மறுத்துவிட்டார். இதில் ஆராய மேலும் ஒன்றுமில்லை.

குன்றின்குரல்

இயேசு வாழ்ந்திருப்பதே கூடுதலாக ஏற்கத்தக்கது என்ற நிலைக்கு நான் நகர்ந்திருக்கிறேன். அப்படியானால் என் இரண்டாம் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வாழ்ந்தவரைப் பற்றி எதை நம்புவது? 1985இல் அமெரிக்காவில் கூடிய ஆய்வரங்கம் ஒன்று, இயேசுவின் ஒவ்வொரு கூற்றுக்கும் வண்ண மணிகளை இட்டு வாக்களித்து, நற்செய்திகளில் அவர் சொன்னதாக உள்ளவற்றில் 18 விழுக்காடு அளவே அவர் வாயிலிருந்து வந்திருக்கும் என்ற முடிவுக்கு வந்தது. வாக்கெடுப்பால் வரலாறு முடிவாகுமா? ஆல்பர்ட் சுவைட்சர் 1906லேயே எச்சரித்தார். இயேசுவைத் தேடிப்போன ஒவ்வொருவரும் தங்கள் காலத்தின் முகத்தையே அவருக்குப் பொருத்திவிட்டு வந்தார்கள் என்று.

ஏட்டுவாசகன்

கூற்றுகளைவிட நிகழ்ச்சிகளில் நமக்குப் பிடி அதிகம். ஒன்றே ஒன்றை நான்கு நூல்களிலும் வரிசையாக வைத்துக் காட்டுகிறேன்.

இயேசு யோர்தானில் திருமுழுக்கு யோவானிடம் திருமுழுக்குப் பெற்றார் என்று மாற்கு எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறார். அது பாவமன்னிப்புக்கான திருமுழுக்கு என்பதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறார். அவருக்குப் பின் எழுதிய மத்தேயுவுக்கு இது உறுத்துகிறது. ஆகவே நான் உம்மிடம் பெறவேண்டியிருக்க நீர் என்னிடம் வரலாமா என்று யோவானே தடுப்பதாக ஓர் உரையாடலைச் சேர்க்கிறார். லூக்கா, யோவான் சிறையிலடைக்கப்பட்டதை முதலில் சொல்லி முடித்துவிட்டு, பிறகு இயேசு திருமுழுக்குப் பெற்றதைக் கொடுத்தவர் பெயரில்லாமல் சொல்கிறார். நான்காம் நற்செய்தியில் யோவான் இருக்கிறார், யோர்தான் இருக்கிறது, புறா இருக்கிறது. திருமுழுக்கு மட்டும் இல்லை. எழுதியவர்கள் ஒருவர்பின் ஒருவராக மறைக்கப் பாடுபட்ட ஒன்றை அவர்களே புனைந்திருக்கமாட்டார்கள். நாசரேத்திலிருந்து வந்த ஒருவர் யோவானின் சீடர் கூட்டத்தில் தொடங்கினார் என்பதை இதனால் உறுதியாகக் கொள்கிறேன். யோவானைப் பற்றி யோசேபஸும் தனியாக எழுதியிருக்கிறார். அவரைக் கொல்லக் காரணம் கலிலேயாவை ஆண்ட அந்திப்பாவுக்குக் கிளர்ச்சி குறித்து இருந்த அச்சம் என்கிறார், நற்செய்திகளில் வரும் நடனமும், தலையை ஏந்திய தட்டும் அங்கே இல்லை.

சிலுவைச் சாவும் அப்படியே. தங்கள் மெசியா அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய சாவைச் செத்தார் என்று எந்தப் பக்தரும் கற்பனை செய்யமாட்டார். நாள் மட்டும்தான் குழப்பம்: முதல் மூன்று நூல்களில் கடைசி இரவுணவு யூதரின் பஸ்கா திருவிழா விருந்தாகவே இருக்கிறது, யோவான் நற்செய்தியிலோ பஸ்கா ஆட்டுக்குட்டிகள் வெட்டப்படும் நாளிலேயே அவர் இறக்கிறார். கி.பி. 30 ஏப்ரல் 7, கி.பி. 33 ஏப்ரல் 3 என்ற இரண்டு வெள்ளிக்கிழமைகளை ஆய்வாளர்கள் பெரிதும் கருதுகிறார்கள். எனக்கு முதலாவதே பொருத்தமாகப் படுகிறது.

வெண்பனிமலர்

திருமுழுக்கின் நான்கு வடிவங்களைப் படித்துவிட்டு நான் இன்று காலை என் வேதாகமத்தைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அப்படியே இருக்கிறது. எத்தனை முறை வகுப்பில் வாசித்திருக்கிறேன், லூக்காவில் கொடுத்தவர் பெயர் இல்லை என்பது என் கண்ணில் பட்டதே இல்லை. சிறுமியாக இருந்தபோது பிறப்புக் கதைகள் ஏன் வேறுபடுகின்றன என்று கேட்டதற்கு என்னை எழுந்து நிற்கச் சொன்ன ஓர் ஆசிரியர் இருந்தார். என் வகுப்பில் கேட்கும் பிள்ளையை நான் உட்காரவைத்து இரண்டு பக்கங்களையும் அருகருகே திறந்து வைக்கச் சொல்கிறேன். இனி நான்கு பக்கங்களைத் திறக்கச் சொல்வேன்.

அப்படியானால் கிறித்தவத்தை நிறுவியவர் யார் என்று ஐயா தொடக்கத்தில் கேட்ட மூன்றாம் கேள்விக்கு என்ன விடை?

நெய்தல்நிலவன்

பவுல்தான் உண்மையான நிறுவனர் என்று சொல்வது நூறாண்டுக்கு மேலாகப் பரவலான கருத்து. அதை நான் ஏற்கவில்லை. தாம் சேருமுன் அந்தச் சபையைத் துன்புறுத்தியதாகப் பவுலே எழுதுகிறார். இல்லாத ஒன்றை யாரும் துன்புறுத்த முடியாது. இயேசு சாவு, அடக்கம், உயிர்ப்பு பற்றிய அறிக்கையைக் கொரிந்தியருக்கு எழுதும்போது, நான் பெற்றுக்கொண்டதையே உங்களுக்கு ஒப்படைத்தேன் என்கிறார்.

இயேசுதான் நிறுவினார் என்று சொல்வதும் எளிதல்ல. 'சபை' என்ற சொல் நான்கு நற்செய்திகளில் மத்தேயுவில் மட்டும், இரண்டே அதிகாரங்களில் வருகிறது. அதே மத்தேயுவில் பிற இனத்தாரிடம் போகாதீர்கள், காணாமற்போன இசுரவேல் ஆடுகளிடமே போங்கள் என்று ஓரிடத்தில் சீடருக்குக் கட்டளையிடுகிறார். எல்லா இனத்தாரையும் சீடராக்குங்கள் என்ற கட்டளை உயிர்த்தபின் வருகிறது. அவர் யூதராகப் பிறந்து, யூதருக்குக் கடவுளின் அரசைப் பற்றிப் பேசி, யூதராகவே இறந்தார். 'கிறித்தவர்' என்ற பெயரே முதன்முதலில் சீரியாவின் அந்தியோக்கியா நகரில் வழங்கியது என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பவுலின் கடிதங்கள் எதிலும் அந்தச் சொல் இல்லை.

இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில் நாம் மறந்துவிட்ட மூன்றாமவர் யாக்கோபு. எருசலேம் சபையின் தூண்கள் எனப்பட்ட தலைவர்களை எண்ணும்போது பவுல் யாக்கோபு, கேபா, யோவான் என்ற வரிசையில் அவரையே முதலில் வைக்கிறார். அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி எழுந்து விலகிக்கொண்டார் என்று பவுல் கோபத்தோடு எழுதுகிறார். பேதுருவையே பந்தியிலிருந்து எழவைக்கும் செல்வாக்கு அவருக்கு இருந்தது. அந்தச் சண்டையில் பவுலின் தரப்பு எழுதிய கடிதம் மட்டும் நமக்கு வந்துசேர்ந்தது. கி.பி. 62இல் யாக்கோபு கொல்லப்பட்டார், 70இல் எருசலேமே எரிந்தது, மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டபடியே இயேசுவைப் பின்பற்றிய யூதக் குழுக்கள் பிற்காலத் திருச்சபையாரால் எபியோனியர் என்ற பெயரில் தவறுற்றவர்களாக எழுதப்பட்டார்கள். இயேசு தம்மைப் பற்றி என்ன எண்ணினார் என்பது நமக்குத் தெளிவாகத் தெரியாமல் போனதற்கு, காலம் கடந்தது மட்டும் காரணமல்ல. அவரோடு வளர்ந்தவர்களின் தரப்பு எழுத்தில் நிலைக்காமல் போனதும் காரணம். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

குன்றின்குரல்

அந்தக் குடும்பத்தார் அதற்குப்பின் என்ன ஆனார்கள்? அவர்களைப் பற்றி எதுவுமே இல்லையா?

நெய்தல்நிலவன்

ஒரு செய்தி இருக்கிறது. ஏட்டுவாசகன் குறிப்பிட்ட எகேசிப்பு எழுதியது. அவர் நூல் அழிந்துவிட்டது, யூசேபியு எடுத்தெழுதியதால் இந்தப் பகுதி பிழைத்தது. பேரரசன் தொமித்தியன் காலத்தில், அதாவது கி.பி. 81க்கும் 96க்கும் இடையில், இயேசுவின் சகோதரர்களில் ஒருவரான யூதாவின் பேரன்மார் இருவரைத் தாவீதின் வழிவந்தவர்கள் என்று காட்டிக்கொடுத்து அரசன்முன் நிறுத்தினார்களாம். அரச குலம் என்றால் கிளர்ச்சி செய்வார்களோ என்ற ஐயம். அரசனே நேரில் விசாரித்தான் என்பதை நான் அப்படியே நம்பத் தயங்குகிறேன். ஆனால் அவர்கள் சொன்னதாக உள்ள விடையில் இருக்கும் கணக்கு, புனைகதைக்குத் தேவைப்படாத அளவுக்குத் துல்லியமாக இருக்கிறது. சொத்து எவ்வளவு என்று கேட்டதற்கு, இருவருக்கும் சேர்த்து 9,000 தெனாரி (ரோம வெள்ளிக்காசு), ஆளுக்குப் பாதி, அதுவும் பணமாக இல்லை, 39 பிலெத்ரா (பழைய கிரேக்க நில அளவை) நிலமாக இருக்கிறது, அதை நாங்களே உழுது வரி கட்டிப் பிழைக்கிறோம் என்றார்களாம்.

பிறகு தங்கள் கைகளை நீட்டிக் காட்டியிருக்கிறார்கள். இடைவிடாத வேலையால் உள்ளங்கை முழுவதும் காய்த்துப்போயிருந்தது. அரசன் அவர்களை ஒன்றும் செய்யாமல் எளியவர்கள் என்று அனுப்பிவிட்டான்.

குன்றின்குரல்

நன்றி. யோசேபஸின் 20ஆம் புத்தகத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்குகிறேன். தம்னேயுவின் மகனைப் பற்றிய என் ஐயம் இன்னும் முழுவதும் தீரவில்லை. படித்து முடித்ததும் இங்கேயே எழுதுகிறேன்.